புகையா, பனியா?

கேள்வி: என் மகளுக்கு வயது 32. பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திக் கல்யாணம் செய்து கலிஃபோர்னியாவுக்கு அனுப்பிவைத்தோம். பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தாள். சந்தோஷப்பட்டேன். இப்போது ஃபிலாசஃபிதான் எடுப்பேன் என்கிறாள். மருமகன் அக்கவுண்டிங் எடுக்கச் சொல்கிறார். தத்துவம் படித்தால் யார் வேலை தருவார்கள்? குடும்பத்தில் பற்று விட்டுப்போய்விடுமோ என்று வேறு பயமாக இருக்கிறது. நீங்கள் தத்துவம் படித்தவர் என்பதால் கேட்கிறேன்.
— ஒரு தாய், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: சகோதரி, உங்கள் பயம் எனக்குப் பழக்கமானது. தத்துவம் என்றாலே காவிதான் என்று என் அப்பாவும் நினைத்தார். கடலூர் ஓ.டி.யில் மளிகைக் கடை வைத்திருந்தவர். 1974-ல் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் எடுத்திருக்கிறேன் என்று சொன்னதும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

முதலில் எங்களுக்குச் சொல்லித்தந்தது தர்க்கம். மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை தெரிகிறது. அடுக்களையில் பார்க்கிறோமே, அதுபோல. மணிமேகலையில் 29-ஆம் காதையிலேயே இந்த உதாரணம் இருக்கிறது. அதோடு விடுவதில்லை. நீ பார்த்தது புகைதானா, ஆவியா, பனியா என்று தெளியாமலே நெருப்பு உண்டு என்று முடிவு கட்டுவது குற்றம் என்றும் அதே காதை சொல்கிறது.

அந்த வருஷம் மார்கழியில் ஒருநாள் விடியற்காலை, உப்பு லாரிக்காக அப்பாவும் நானும் உப்பனாற்றங்கரையில் நின்றிருந்தோம். அக்கரையில் வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்தது. "எங்கயோ கீத்துக் கொட்டா எரியுதுடா" என்றார். "எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டேன். சுருக்கென்று திரும்பிப் பார்த்தார். அப்புறம் மூக்கை உறிஞ்சினார். "வாடை வரலயே" என்றார். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பனிடா" என்றார். லாரி வந்து மூட்டை இறக்கும்போது, "இதத்தான் சொல்லித் தராங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றி அவர் சண்டை போட்டதில்லை.

உங்கள் மகளும் இதைத்தான் படிக்கப்போகிறாள். தர்க்கம், அறவியல், சாக்ரடீஸ், டெகார்ட் என்று பாடங்களின் பெயர் மாறும். எதை நம்பலாம், ஏன் நம்பலாம் என்று வாரம்தோறும் கட்டுரை எழுதச் சொல்வார்கள். இதில் பற்று எங்கே விட்டுப்போகிறது?

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு வருஷத் தத்துவப் படிப்பைக் காட்டி நேராக வேலை வாங்குவது கஷ்டம். ஆனால் அங்கே கம்யூனிட்டி காலேஜ் என்பது பாதி வழிதான். முதல் இரண்டு வருஷத்தைக் குறைந்த செலவில் அங்கே முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷத்தில் போய்ச் சேருகிறார்கள். கலிஃபோர்னியாவில் இதற்கென்றே ஒரு பட்டம் இருக்கிறது. மொத்தம் 60 யூனிட். அதில் முக்கியப் பாடத்துக்குக் குறைந்தது 18 யூனிட் போதும். பெரும்பாலும் மூன்று யூனிட்டுக்கு ஒரு பாடம், ஆக ஆறு பாடம். மற்றதெல்லாம் ஆங்கிலம், கணக்கு, அறிவியல், வரலாறு. அக்கவுண்டிங்கையும் ஒரு பாடமாகச் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கும். மருமகனிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்க்கவேண்டும். அசிஸ்ட் என்ற இணையதளத்தில் அது இருக்கிறது. கல்லூரி ஆலோசகரும் உதவுவார்.

நான் பிழைத்தது தத்துவத்தால் அல்ல. 31 வருஷம் வங்கியில் கடன் விண்ணப்பம் படித்தேன். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் புகையா, பனியா என்ற கேள்வி கூடவே இருந்தது.

இன்னொன்று, வருத்தப்படாதீர்கள். அவள் படிப்பைப் பாதியில் நிறுத்தியது நாம். இப்போது அவளே தேடிப் பிடித்திருக்கிறாள். அடுத்த முறை பேசும்போது வேலையைப் பற்றிக் கேட்காமல், இந்த வாரம் என்ன கட்டுரை எழுதினாய் என்று கேளுங்கள்.

கேள்வி: நம் புதுச்சேரியிலும் கம்யூனிட்டி காலேஜ் இருக்கிறதே, அங்கே தத்துவம் படிக்க முடியுமா? எனக்கு வயது 58, பட்டதாரி.
— ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: பெயர்தான் ஒன்று. புதுவைப் பல்கலைக்கழகம் 1995-ல் தொடங்கியதுதான் நாட்டின் முதல் சமுதாயக் கல்லூரி. நம் சமுதாயக் கல்லூரிகள் கைத்தொழில் கற்றுத்தந்து வேலைக்கு அனுப்புவதற்காக வந்தவை. தத்துவத்தை அங்கே தேடவேண்டாம். காலாப்பட்டில் பல்கலைக்கழக வளாகத்திலேயே தத்துவத் துறை இருக்கிறது. தினம் போய்வர முடியாது என்றால் இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தத்துவம் எடுக்கலாம், எந்தப் பட்டம் இருந்தாலும் சரி, வயது வரம்பு கிடையாது. ஆனால் தமிழில் பாடநூல் வராது, ஆங்கிலத்தில் படிக்கவேண்டும்.

பட்டம் வேண்டாம், படித்தால் போதும் என்றால் மணிமேகலையின் 27-ஆம் காதையிலிருந்து ஆரம்பியுங்கள். வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் உன் கொள்கை என்ன என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே போகிறாள். உரையோடு இருக்கும் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். உரை இல்லாமல் அந்தக் காதை நகராது.