பழைய புத்தகக் கடையில் பயிற்சி

கேள்வி: லண்டனில் முதுகலை படிக்கப் போகிறேன். அங்கே பழைய, அரிய புத்தகங்கள் விற்கும் சிறிய கடையில் இன்டர்ன்ஷிப் சேர்ந்தால் பயன் உண்டா?

பதில்: தாராளமாகச் சேருங்கள். முதலில் தூசி தட்டுவதும் அடுக்குவதும்தான் இருக்கும், அப்புறம் விற்பனைப் பட்டியல் எழுதச் சொல்வார்கள், உண்மையான படிப்பே அங்கேதான்: பதிப்புரிமைப் பக்கத்தில் எத்தனையாவது அச்சு என்று காட்டும் எண் வரிசையில் 1 இருக்கிறதா (இருந்தால் பெரும்பாலும் முதல் அச்சு), தாளில் பழுப்புப் புள்ளிகள் உண்டா, படத்தாள் எதையாவது கிழித்து எடுத்திருக்கிறார்களா, மேலுறை அசல்தானா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதவேண்டும். இருபதாம் நூற்றாண்டு நாவல்களில் மேலுறை இல்லையென்றால் விலை அடியோடு விழுந்துவிடும். புத்தகத்தைத் தொடக் கையுறை வேண்டாம், கழுவித் துடைத்த கையே நல்லது.

ஒன்றில் மட்டும் கவனம். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் பருவத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், சம்பளமில்லாத வேலையும் அந்தக் கணக்கில் சேரும். சம்பளம் உண்டா என்று முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள், கூச்சமே வேண்டாம்.