முலை வீக்கம் வற்றியது, கட்டி ஏன் வற்றவில்லை?

கேள்வி: உப்புவெளியிலுள்ள எங்கள் வீட்டுப் பெண் பூனைக்கு ஒன்பது வயது. ஐந்து மாதத்துக்கு முன் குட்டி போட்டது. குட்டிகள் பால் மறந்து மூன்று மாதமாகிறது. போன மாதம் பின்னங்கால் பக்கத்து முலையொன்று சிவந்து, சூடாகி வீங்கியது. அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார். பிறகு மிருக வைத்தியர் தந்த அன்டிபயோட்டிக்கில் வீக்கம் வற்றியது. ஆனால் உள்ளே கடலைப் பருப்பளவில் ஒரு கட்டி தங்கிவிட்டது. தொட்டால் நோகவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறது. இது புற்றுநோயா? எஞ்சியிருக்கும் பெண் குட்டிக்குக் கருத்தடை ஊசி போடலாமா?
வாசகி, திருகோணமலை

பதில்: வீக்கம் வற்றியதைப் போலக் கட்டியும் தானாகக் கரையும் என்று காத்திருக்க வேண்டாம். முலையழற்சி பெரும்பாலும் பாலூட்டும் பூனைக்கே வருவது. குட்டிகளின் பல்லோ நகமோ கீறிய இடத்தால் கிருமி புகுந்து முலை இறுகும், பாலில் சீழோ இரத்தமோ கலந்து வரும், தாய் காய்ச்சலில் சுருண்டு குட்டிகளை அண்ட விடாது. பால் மறந்து இரண்டு மாதம் கழித்து, அதுவும் ஒன்பது வயதில், ஒரேயொரு முலை சிவப்பது அந்தக் கதைக்குப் பொருந்தவில்லை. உள்ளே கட்டி வளரும்போது அதன் நடுப்பகுதி இரத்தம் போதாமல் அழுகுவதும், மேல்தோல் புண்ணாகிக் கிருமி தொற்றுவதும் உண்டு. அந்தத் தொற்று மருந்துக்கு அடங்கும்; கட்டி அடங்காது. நோவில்லை என்பதும் ஆறுதலன்று, ஏனெனில் தொடக்கத்தில் இக்கட்டிகள் பெரும்பாலும் நோவதில்லை.

பூனையின் முலைக்கட்டிகளில் 100க்கு 80 முதல் 90 வரை புற்றுநோயே. நாய்களில் ஏறத்தாழப் பாதிதான். ஆகவே, இல்லையென்று உறுதியாகும் வரை இதைப் புற்றுநோயாகவே நடத்த வேண்டும். உங்களுக்குச் சாதகமானது கட்டியின் அளவு. 2 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருக்கும்போது சரியாக அகற்றப்பட்ட பூனைகளில் பல மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ வாழ்கின்றன. 3 சென்ரிமீற்றரைத் தாண்டியவற்றில் பல ஓராண்டைக் காண்பதில்லை. ஐந்து ரூபாய்க் குற்றியின் அகலமே 2 சென்ரிமீற்றரைச் சற்று மிஞ்சும் என்பதால், கடலைப் பருப்பு அந்த அளவை எட்டும் வரை பொறுத்திருப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பது உங்களுக்கே விளங்கும்.

இன்றிரவே பூனையை மடியில் சரித்துப் படுக்கவைத்து, முன்னங்கால் அக்குளிலிருந்து தொடையிடுக்கு வரை, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தோலை மெல்ல உருட்டிப் பாருங்கள். பக்கத்துக்கு நான்காக எட்டு முலைகள் இருக்கும்; எட்டையும் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒரு கட்டி உள்ள பூனையில் இன்னொன்றும் அடிக்கடி இருக்கும். அரிசிமணி போல ஏதும் உருண்டால் எந்த முலையென்று குறித்துக்கொண்டு வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சைக்கு முன் நெஞ்சு எக்ஸ்றே எடுக்க வேண்டும், ஏனெனில் இந்நோய் அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கு (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளுக்கு) அடுத்து நுரையீரலை நாடும். கட்டியை மட்டும் கிள்ளியெடுப்பது மலிவாகத் தோன்றினாலும் அது மீண்டும் முளைப்பதே அதிகம். அந்தப் பக்கத்து முலை வரிசை முழுவதையும் நிணநீர்க் கணுவோடு அகற்றுவதே முறை. அகற்றிய தசையைப் போர்மலினில் (பழுதாகாமல் காக்கும் திரவத்தில்) இட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பாமல் எறிந்துவிட வேண்டாமென்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூரில் இவ்வளவுக்கும் வசதி கிடைக்காவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடைப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கூடைக்குள் கத்திக்கொண்டே வரும் பூனையோடு போவது அலுப்புத்தான், ஆனாலும் போகத்தக்க பயணம்.

அழற்சியே புற்றுநோயின் முகமாக வருவதும் அரிதாக உண்டு. பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்குப் பின், காயத்தைச் சுற்றியுள்ள தோல் சிவந்து, தடித்து, சூடாகிப் பரவும்; சில வேளை பின்னங்காலும் வீங்கும்; அன்டிபயோட்டிக்குக்கு அசையாது. அந்த நிலையில் மீண்டும் வெட்டுவதால் பயனில்லை, நோவைத் தணிப்பதே சிகிச்சை.

அம்மா பூசிய மஞ்சளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பூனை எதைப் பூசினாலும் நக்கி விழுங்கிவிடும், கட்டிக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. பனடோல் (பரசிற்றமோல்) மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். பூனையின் ஈரல் அம்மருந்தை முறிக்க முடியாததால் ஒரு குளிசையே உயிரைப் பறித்துவிடும்.

குட்டிக்குக் கருத்தடை ஊசி வேண்டாம். அதிலுள்ள புரொஜெஸ்டரோன் வகை மருந்து முலைகளை ஒரேயடியாக வீங்கச் செய்யக்கூடியது. பிற்காலத்தில் முலைக்கட்டி வரும் ஆபத்தையும் கூட்டும். மாறாகச் சத்திரசிகிச்சை மூலம் கருப்பையையும் சூலகங்களையும் ஆறு மாதத்துக்குள் அகற்றினால் முலைப் புற்றுநோயின் ஆபத்து 91 வீதம் குறைகிறது. ஒரு வயதுக்குள் என்றால் 86 வீதம். இரண்டாவது வயதில் வெறும் 11 வீதம். குட்டிக்கு இப்போது ஐந்து மாதம். தாயை வைத்தியரிடம் கொண்டுபோகும் அதே நாளில் குட்டிக்கும் திகதி வாங்கிக்கொள்ளுங்கள்.