ராஜா ஜோடியும் கடைசி இடமும்

அன்புள்ள ஐயா,

ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் ஆறு பேர் போக்கர் ஆடுகிறோம். பணம் கிடையாது, பிளாஸ்டிக் சிப்ஸ்தான். ஆளுக்கு 200, பிளைண்ட் (சீட்டு வாங்கும் முன் இருவர் கட்டாயமாகப் போடுவது) 1, 2. போன வாரம் ஒரு ஆட்டத்தில் நான் பட்டனில் (பொதுச் சீட்டுகள் விழுந்தபின் கடைசியாகப் பேசும் இடம்) இருந்தேன். எனக்கு முன்னால் இருவர் வெறும் 2 போட்டு உள்ளே வந்தார்கள். ராஜா-10 வைத்திருந்த நானும் 2 போட்டேன். ஸ்மால் பிளைண்ட் (1 போட்டவர்) சேர்ந்துகொண்டார், பிக் பிளைண்ட் (2 போட்டவர்) செக், அதாவது மேலே எதுவும் போடவில்லை. ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு) ராஜா, 8, 5. அதில் இரண்டு ஆட்டின். எல்லோரும் செக் செய்ய, நான் 7 போட்டேன். பிக் பிளைண்டும் இன்னொருவரும் கால், அதே அளவு போட்டு உள்ளே இருந்தார்கள். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) கிளாவர் 7. மறுபடி இருவரும் செக். 25 போட்டேன், பிக் பிளைண்ட் மட்டும் கால். ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) கிளாவர் 2 விழுந்ததும் அவர் 80 போட்டார். நான் கால் செய்தேன். அவரிடம் 8-5, இரண்டு ஜோடி. கடைசியாகப் பேசும் இடம் என்னுடையதுதானே, எங்கே தவறினேன்?

ம.

அன்புள்ள ம.,

ஃப்ளாப்பில் போட்ட 7 சரி. நான்கு பேர் செக் செய்தபின் மேல் ஜோடியை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. பிசகு டர்னில் போட்ட 25-இல் தொடங்குகிறது.

யாரும் ரைஸ் செய்யாத (தொகையை உயர்த்தாத) ஆட்டத்தில் பிக் பிளைண்ட் தன் சீட்டை நம்பி உள்ளே இருப்பவர் அல்ல. கட்டாயமாகப் போட்ட 2 அவரை உள்ளே வைத்திருக்கிறது. கையில் எந்த இரண்டு சீட்டும் இருக்கலாம். தொடக்கத்திலேயே நீங்கள் 10 என்று உயர்த்தியிருந்தால் அந்த 8-5-ஐ அவர் அநேகமாகக் கீழே வைத்திருப்பார். அப்புறம் அளவைப் பாருங்கள்: ஃப்ளாப் வரும்போது பாட் (நடுவில் சேர்ந்த சிப்ஸ்) 10, உங்கள் முன்னால் 198. ஒற்றை ஜோடி அவ்வளவு சிப்ஸைத் தாங்காது.

டர்னில் பாட் 31. இருவர் கால் செய்து வந்து, இருவரும் செக் செய்கிறார்கள். அங்கே நீங்களும் செக் செய்திருக்க வேண்டும். ஆட்டின் ஃப்ளஷ் (ஐந்து சீட்டும் ஆட்டின்) தேடுகிறவருக்கு ஓசியில் ஒரு சீட்டு காட்டுவதா என்று கேட்பீர்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அவர் காணாத 46 சீட்டில் அவருக்கு வேண்டிய ஆட்டின் சீட்டுகள் ஒன்பதுதான். ஐந்தில் நான்கு முறை வராது. மாறாக நீங்கள் செக் செய்தால் பாட் சிறியதாகவே இருக்கும், உங்கள் சீட்டும் பலவீனமாகத் தெரியும். ரிவரில் மறுபடி செக் வந்தால் 15 போடுங்கள். ஒற்றை 8 வைத்திருப்பவர்கூட ஆசையில் கால் செய்வார். பிக் பிளைண்ட் முந்திக்கொண்டு 20 போட்டால் கால் செய்து தோற்கலாம். மொத்த இழப்பு 29. நீங்கள் இழந்தது 114.

ரிவரின் 80-க்கு யோசிக்கவே வேண்டாம். இரண்டு சுற்று பேசாமல் கால் செய்தவர் திடீரென்று பாட் அளவுக்குப் போட்டால் ராஜா ஜோடியைக் கீழே வைத்துவிடுங்கள்.

இதன் மறுபக்கத்தை 1988-இல் லாஸ் வேகாஸில் நடந்த போக்கர் உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் பார்க்கலாம். ஜானி சானிடம் ஜாக்கி-9, எரிக் சைடெலிடம் ராணி-7. முதலில் யாரும் ரைஸ் செய்யவில்லை. ராணி, 10, 8 விழுந்து சானுக்கு ஃப்ளாப்பிலேயே ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) அமைந்துவிட்டது. டர்னில் சைடெல் செக் செய்ய, பின்னால் பேசும் சானும் செக் செய்தார். அந்த ஒரு செக் போதுமானதாக இருந்தது. ரிவரில் சைடெல் ராணி ஜோடியை நம்பி எல்லாச் சிப்ஸையும் தள்ளினார். எத்தனையோ முறை அந்தப் பதிவைப் பார்த்திருக்கிறேன், டர்னில் சான் காட்டும் பொறுமை இன்னும் பிரமிப்பாகவே இருக்கிறது.

சான் போல ஸ்ட்ரெய்ட் வைத்திருப்பவருக்கும் உங்களைப் போல ஒற்றை ஜோடி வைத்திருப்பவருக்கும் டர்னில் அதே செக் பயன்படுகிறது, பின்னால் பேசும் இடம் இருப்பதால்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேஜையில் எல்லாவற்றுக்கும் கால் செய்கிறவர்கள் உட்கார்ந்திருந்தால், ஸ்ட்ரெய்ட்டோ செட்டோ (ஒரே மாதிரி மூன்று சீட்டு) கிடைத்த கையோடு செக் செய்து காத்திருக்காதீர்கள். ஃப்ளாப்பிலிருந்தே போடுங்கள், அவர்கள் கொடுப்பார்கள்.