மாநகரத்தை விட்டுக் கிராமத்து வேலைக்குப் போகலாமா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

மாநகரத்து லேப் ஒன்றில் 9 வருடம் இருந்தேன். அதற்குப் பிறகு 11 வருடமாக ஒரு கிராமத்து மருத்துவமனையில் லேப் பொறுப்பாளராக இருக்கிறேன். நகரத்திலிருந்து நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசுவதும் என் வேலைதான். வந்து வேர் பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன், ஆறே மாதத்தில் பெட்டி கட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்தப் பதில்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. தினமும் போக வர மூன்று மணி நேரம் டிராஃபிக்கிலேயே போகிறது. ஒரு கிராமத்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை கிடைத்திருக்கிறது. யோசிக்காமல் போய்விடலாமா?

யோசித்துவிட்டே போங்கள் தம்பி. மூன்று மணி நேரம் திரும்பக் கிடைப்பது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் டிராஃபிக் இல்லாத சந்தோஷம் ஒன்றிரண்டு மாதத்தில் பழகிவிடும். அதற்கப்புறம் உங்கள் நாளில் மிஞ்சுவது அந்த எட்டு மணி நேர வேலையும், வேலை முடிந்த பிறகு நீளமாக விரிந்து கிடக்கும் மாலையும்தான்.

1998-ல் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு விஷயத்தைச் சோதித்தார்கள். குளிர் அதிகமான மத்திய மேற்குப் பகுதி மாணவர்களிடமும் இதமான கலிபோர்னியா மாணவர்களிடமும் வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே திருப்திதான். ஆனால் 'கலிபோர்னியாவில் இருப்பவர் எப்படி இருப்பார்?' என்று கேட்டபோது, அங்கே இருப்பவர்தான் அதிக திருப்தியாக இருப்பார் என்று இரண்டு பக்கத்தாரும் சொன்னார்கள். கண்ணில் படுகிற ஒரு வித்தியாசத்தை மட்டும் வைத்து மொத்த வாழ்க்கையையும் எடை போட்டுவிடுகிறோம். உங்களுக்கு இப்போது டிராஃபிக் அப்படித் தெரிகிறது.

நான் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி இதுதான்: இதே வேலை, இதே சம்பளம், இதே மேலாளர், உங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே கிடைத்தால் சேர்வீர்களா? 'சேர்வேன்' என்று தயங்காமல் வந்தால் மேற்கொண்டு பேசலாம். 'அதெப்படி, இந்த வேலைக்கா?' என்று தோன்றினால் உங்களுக்கு வேண்டியது அந்த வேலை இல்லை. வீடு மாற்றுவதோ, வேலை நேரத்தை மாற்றிக் கேட்பதோ போதுமானதாக இருக்கலாம்.

கேள்வி: வேலையில் மொத்தமாகச் சோர்ந்துவிட்டேன். கிராமத்துக்குப் போனால் சரியாகிவிடும் என்று மனசு சொல்கிறது.

முதலில் நன்றாக ஓய்வெடுங்கள், முடிவு அப்புறம். உலக சுகாதார அமைப்பு 2019-ல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இந்தச் சோர்வை, சரியாகக் கையாளப்படாமல் நீண்டுபோன பணியிட அழுத்தத்தால் வருவது என்றுதான் வரையறுத்திருக்கிறார்கள். ஊரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூட்டத்தாலும் சத்தத்தாலுமா, இல்லை பொறுப்பு தலைக்கு மேல் போனதாலா?

பொறுப்புதான் காரணம் என்றால் கிராமத்தில் அது கூடும், குறையாது. நான் வந்த முதல் வருடம், ஒரு ராத்திரி ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரம் நின்றுவிட்டது. நகரத்தில் என்றால் ஒரு போன் போட்டால் சர்வீஸ் ஆள் வந்துவிடுவார், இல்லையென்றால் பக்கத்து லேபுக்கு அனுப்பிவிடலாம். இங்கே சர்வீஸ் ஆள் வர மறுநாள் மதியம் ஆகும் என்றார்கள், வார்டிலோ காய்ச்சலோடு ஒரு சின்னப் பெண். படிப்பு முடிந்த பிறகு நான் தொட்டே பார்க்காத எண்ணும் கண்ணாடித் தகட்டைத் தேடி எடுத்து, துடைத்து, மைக்ரோஸ்கோப்பில் கட்டம் கட்டமாகத் தட்டணுக்களை எண்ணினேன். கை நடுங்கியதால் சரிதானா என்று இன்னொரு முறையும் எண்ணினேன். அந்த ராத்திரி எனக்குப் பிடித்திருந்தது, அதனால்தான் இன்னும் இங்கே இருக்கிறேன். அதே மாதிரி ஒரு ராத்திரிக்குப் பிறகு ராஜினாமா எழுதிக் கொடுத்த நல்ல திறமைசாலியையும் எனக்குத் தெரியும். நீங்கள் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: சம்பளம் 30 சதவீதம் குறைகிறது. செலவும் குறையும் என்கிறார்களே, கணக்கு சரியாக வருமா?

வாடகை குறையும், அது உறுதி. மற்றதெல்லாம் குறையும் என்று நம்பி இறங்காதீர்கள். பேருந்து எப்போதோ ஒன்று வருகிற இடத்தில் வண்டி இல்லாமல் முடியாது. வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போனால் இரண்டு வண்டி, எரிபொருள், ரிப்பேர். பல் வலி, கண்ணாடி, லேப்டாப் பழுது என்று ஒவ்வொன்றுக்கும் நகரத்துக்குப் போய் வர வேண்டியிருக்கும், கூடவே ஒரு நாள் விடுப்பும் போகும். சொந்தபந்தம், நண்பர்கள் வீட்டு விசேஷம் எல்லாம் நகரத்தில் என்றால் அந்தப் பயணச் செலவு தனி.

ஒரு மாதக் கணக்கு போடாதீர்கள், பன்னிரண்டு மாதத்துக்குப் போடுங்கள். அப்புறம் பலர் மறப்பது ஒன்று: அடுத்த வேலைக்குச் சம்பளம் பேசும்போது இந்தக் குறைந்த சம்பளத்தைத்தான் அடிப்படையாக வைப்பார்கள். வருங்கால வைப்பு, ஓய்வூதியம் போன்றவை சம்பளத்தை ஒட்டித்தான் போகும் என்றால் அங்கேயும் குறையும். இதையெல்லாம் போட்ட பிறகும் கையில் கொஞ்சம் நின்றால் தைரியமாகப் போங்கள்.

கேள்வி: எனக்கு வேலை கிடைத்துவிட்டது. என் மனைவிக்கு அங்கே அவர் துறையில் ஒன்றுமே இல்லை. 'உங்களுக்காக வருகிறேன்' என்கிறார். இது போதுமா?

போதாது. கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், மன்னிக்கவும். விட்டுப் போனவர்களிடம் காரணம் கேட்டால் சம்பளம், பள்ளி என்று ஏதாவது சொல்வார்கள். கொஞ்சம் தள்ளிக் கேட்டால் பெரும்பாலும் வீட்டில் இன்னொருவர் சும்மா இருந்து வாடிப்போனதுதான் கதையாக இருக்கும். உங்களுக்குப் போன நாளிலிருந்தே சக ஊழியர்கள், மதிப்பு, பேச ஆள் எல்லாம் கிடைத்துவிடும். அவருக்குக் காலை ஒன்பது மணிக்கு நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் ஒரு அமைதி வரும் பாருங்கள், முதல் வாரம் அது சுகமாக இருக்கும், மூன்றாவது மாதம் அப்படி இருக்காது.

அதனால் 'வருகிறேன்' என்பதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாமல், 'அங்கே செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நீ என்ன செய்துகொண்டிருப்பாய்?' என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். தொலைவிலிருந்து செய்கிற வேலை, படிப்பு, சொந்தத் தொழில், எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், பதில் ஒன்று இருக்க வேண்டும். உங்களை எடுக்கிற நிறுவனத்திடமும் வாய்விட்டுக் கேளுங்கள். ஆள் கிடைக்காமல் தவிக்கிற இடங்களில் துணைக்கும் ஒரு வேலை தேடிக்கொடுக்க முன்வருவார்கள், ஆனால் சேர்ந்த பிறகு கேட்டால் அந்த அக்கறை இருக்காது.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, இதய நோய் உண்டு. அவரையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

இதில் மட்டும் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள், நிமிடத்தில் கேளுங்கள். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பெரிய மாரடைப்பு என்று கண்டுபிடித்த பிறகு 2 மணி நேரத்துக்குள் குழாய் வழியாக அடைப்பை நீக்க முடியாது என்றால், தகுந்த நோயாளிகளுக்குக் கட்டி கரைக்கும் மருந்தை முதலில் கொடுப்பார்கள். ஆக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை: ஆம்புலன்ஸ் உங்கள் வீட்டுக்கு வர எத்தனை நிமிடம், ஈசிஜி எடுத்து அந்த மருந்தைக் கொடுக்கக்கூடிய மிக அருகிலுள்ள இடம் எது, அங்கே ராத்திரியில் மருத்துவர் இருக்கிறாரா.

ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்தப் பாதையில் நீங்களே ஒருமுறை வண்டி ஓட்டிப் பாருங்கள். மழைக்காலத்தில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று அங்கிருப்பவர்களிடம் கேளுங்கள். பதில்கள் திருப்தியாக இல்லை என்றால் அம்மா இருக்கும்வரை இந்த வேலையைத் தள்ளிப்போடுவதில் தப்பே இல்லை. அம்மாவின் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: வாரத்தில் இரண்டு நாள் பழைய நிறுவனத்துக்கு ஆன்லைனில் வேலை செய்யலாம் என்று திட்டம். இன்டர்நெட்டை நம்பலாமா?

வீட்டைப் பிடிக்கும் முன்பே அந்த வீட்டுக்குள் நின்று சோதியுங்கள், மாலை நேரத்திலும் ஒருமுறை. ஃபைபர் வந்திருந்தால் கவலையில்லை. செயற்கைக்கோள் இணைப்புதான் என்றால் எந்த வகை என்று கேளுங்கள். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகை என்றால் சிக்னல் போய் வரவே அரை நொடி ஆகிவிடும், வீடியோ காலில் ஒருவர் பேச்சில் ஒருவர் மோதிக்கொண்டே இருப்பீர்கள். சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றும் புதிய வகையில் அந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாது. எதுவாக இருந்தாலும் மின்வெட்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசித்து வையுங்கள்.

கேள்வி: துறையில் என்னை எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது அக்கா.

நியாயமான பயம்தான். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் காட்டிய ஒரு விஷயம் உண்டு. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திக்கிறவர்கள் ஆறில் ஒருவர்தான். மீதிப் பேர் எப்போதாவதோ அபூர்வமாகவோ சந்திக்கிறவர்கள். காரணம் எளிது: நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும், தூரத்துப் பழக்கம்தான் புதுச் செய்தி கொண்டுவரும். கிராமத்துக்குப் போனால் நெருங்கிய நண்பர்கள் போனில் இருப்பார்கள், ஆனால் லிஃப்டிலும் கூட்டங்களிலும் தலையாட்டிவிட்டுப் போகிற அந்த ஐம்பது பேர் காணாமல் போவார்கள்.

இதற்கு நான் செய்வது: வருடத்தில் இரண்டு துறைசார்ந்த கூட்டங்களுக்குக் கட்டாயம் போவேன், அதற்கான விடுப்பையும் பயணச் செலவையும் சேரும்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினேன். முன்பு என்னோடு வேலை பார்த்தவர்களில் முப்பது பேர் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறேன், மாதம் மூன்று பேருக்கு ஏதாவது காரணம் வைத்து எழுதுவேன்.

இன்னொன்று. மாநகரத்தில் இந்த வேலை போனால் வேறு பத்து இடங்களில் விண்ணப்பிக்கலாம். கிராமத்தில் பெரும்பாலும் அந்த ஒரு இடம்தான். அதனால் அந்த நிறுவனம் அடுத்த மூன்று வருடம் நிற்குமா, உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஏன் போனார், அவருக்கு முன்னால் இருந்தவர் எத்தனை மாதம் இருந்தார், எல்லாவற்றையும் கேளுங்கள். முடிந்தால் அவருக்கே போன் செய்யுங்கள். நான் சேரும் முன் அப்படிச் செய்த ஒரு அழைப்புதான் எனக்கு நேர்காணலை விட அதிகம் சொன்னது.

கேள்வி: நான் தனி ஆள், 27 வயது, பிறந்து வளர்ந்தது எல்லாம் மாநகரம். ஒட்டுமா?

கிராமத்தில் வளர்ந்தவர்கள் கிராமத்து வேலையில் தங்குவது அதிகம் என்பது உண்மைதான். மருத்துவப் பணியாளர்களைப் பற்றி உலக சுகாதார அமைப்பு 2010-ல் கொடுத்து, 2021-ல் புதுப்பித்த பரிந்துரைகளிலும் கிராமத்துப் பின்னணி உள்ள மாணவர்களைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நானே நகரத்துப் பிள்ளை.

உங்களுக்குக் கஷ்டமாக இருக்கப்போவது தனிமையை விட, எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருப்பது. நான் வந்த இரண்டாவது வாரம் ஒருநாள் தூக்கம் வராமல் இரண்டு மணி வரை விளக்கைப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா நிற்கிறார். 'ராத்திரி பூரா லைட் எரிஞ்சுதே, உடம்புக்கு ஏதாவதா கண்ணு?' என்றார். எனக்குச் சுருக்கென்றது. நாலு வருடம் கழித்து எனக்குக் கடும் காய்ச்சல் வந்து விளக்குப் போடாமலே கிடந்த அன்றைக்கு, கதவைத் தட்டியதும் அவர்தான். முதலாவதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டாவதை மட்டும் வாங்க முடியாது.

வாரம் ஒருமுறை ஒரே நாளில் ஒரே ஆட்கள் கூடுகிற ஏதாவது ஒன்றில் முதல் மாதமே சேர்ந்துவிடுங்கள். பந்தாட்டமோ பாட்டுக் குழுவோ நூலகமோ, எதுவானாலும் சரி.

கேள்வி: வந்ததும் வீடு வாங்கிவிடலாமா? விலை ரொம்பக் குறைவு.

வேண்டாம். ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள், எல்லாப் பருவத்தையும் பாருங்கள். வாங்குவது சுலபம், விற்க ஆள் கிடைக்காது.

கேள்வி: ஆறு மாதமாக யோசிக்கிறேன், முடிவே எடுக்க முடியவில்லை.

ஸ்டீவன் லெவிட் என்ற பொருளியலாளர், முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்களுக்காக இணையத்தில் நாணயம் சுண்டிப் பார்க்க வைத்தார். 20,000-க்கும் மேற்பட்ட முறை சுண்டப்பட்டது. பெரிய விஷயங்களில் 'மாறு' என்று விழுந்து மாறியவர்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது மாறாதவர்களை விடச் சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு நாணயத்தை எடுக்கச் சொல்லவில்லை. இவ்வளவு நாள் தராசு சமமாகவே நிற்கிறது என்றால், மாறிப் பார்ப்பதில் நீங்கள் பயப்படுகிற அளவு இழப்பு இருக்காது என்கிறேன். பத்து நாள் விடுப்பு எடுத்து அங்கேயே போய்த் தங்கி, வேலை நாளில் அந்த நேரத்துக்கு எழுந்து, அந்தப் பாதையில் போய் வாருங்கள். விடுமுறைக்கு வந்தவர் மாதிரி ஊர் சுற்றாதீர்கள்.

கேள்வி: நீங்கள் திரும்பிப் போக நினைத்ததுண்டா அக்கா?

உண்டு, இரண்டு முறை. வரும் முன்பே நானும் என் கணவரும் ஒரு தாளில் எழுதினோம்: இன்னின்ன நடந்தால் திரும்பிவிடுவோம், யாரும் யாரையும் குறை சொல்லக்கூடாது என்று. ஐந்து வரிதான். கணவருக்கு 18 மாதத்தில் வேலை அமையாவிட்டால், பிள்ளைக்குப் பள்ளி ஒத்துவராவிட்டால், இப்படி. வேலை 17-வது மாதம் அமைந்தது, அந்தப் பதினேழு மாதமும் சுலபமாக இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்தத் தாளை எடுத்து இரண்டு பேரும் படிப்போம், கீழே தேதி போட்டு 'இன்னும் ஒரு வருடம்' என்று எழுதுவோம். போன மாதம் எழுதியபோது அடியில் இடமில்லை, கணவர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினார்.