சின்ன வேடங்களில் நடிப்பவர் சொந்தக் காசில் படம் எடுக்கலாமா?

எடுக்கலாம். வீட்டில் சொல்லிவிட்டு எடுங்கள். நீங்களும் கூட்டத்தோடு நின்று ஒரு வரி வசனம் பேசுகிற ஆள்தான் போல, இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வராது.

திமோத்தி கேரி என்று ஓர் அமெரிக்க நடிகர். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி கில்லிங்' (1956) படத்தில் பந்தயக் குதிரையைச் சுடுகிறவர். அடுத்த வருடம் அதே குப்ரிக்கின் 'பாத்ஸ் ஆஃப் குளோரி'க்காக ஜெர்மனி போனவர், பேப்பரில் பெயர் வரட்டும் என்று தன்னை யாரோ கடத்திவிட்டதாக நாடகமாடி, வேலையை விட்டே நீக்கப்பட்டார். அப்படியொரு கிறுக்கு. அவரே எழுதி, இயக்கி, நடித்து 1962இல் 'தி வேர்ல்ட்ஸ் கிரேட்டஸ்ட் சின்னர்' எடுத்தார். இன்சூரன்ஸ் வேலையை உதறிவிட்டு, மேடையேறிப் பாடி, அரசியலில் இறங்கி, தன்னையே கடவுள் என்று சொல்லிக்கொள்பவன் கதை. இசை, பின்னால் ராக் இசையில் பெரிய பெயரெடுத்த, அன்று யாருக்கும் தெரியாத ஃபிராங்க் ஸாப்பா. படம் ஒழுங்காக வெளியாகவே இல்லை.

எனக்கு உறைத்தது அந்த இன்சூரன்ஸ்தான். பாளையங்கோட்டையில் இருபது வருடமாக நானும் ஏஜெண்ட். அம்பாசமுத்திரம் பக்கம் ஷூட்டிங் வந்த ஒரு படத்தில் மாமனாராக நாலு காட்சி நடித்தேன். டப்பிங்கில் என் குரலைத் தூக்கிவிட்டு, யாரையோ மதுரைப் பேச்சில் பேச வைத்துவிட்டார்கள். அதுகூடப் போகட்டும். மருமகன் என்னைப் பார்த்து "ஏலே" என்கிறான்! மாமனாரை அப்படிக் கூப்பிட்டவனுக்கு எங்கள் பக்கம் எந்த வீட்டில் சோறு போட்டிருக்கிறார்கள்? இளையவனுக்குத்தான் 'லே'. சமவயதுக்காரருக்கு 'வே', மூத்தவர் என்றால் அண்ணாச்சி. நெல்லைத் தமிழ் என்றாலே வாக்கியத்துக்கு ஒரு 'லே' தூவுவது என்று சினிமாக்காரர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆத்திரத்தில் பதினெட்டு நிமிடப் படம் ஒன்று எடுத்தேன். குறுக்குத்துறை படித்துறையில் இரண்டு பெரியவர்கள் பேசிக்கொள்வது, அவ்வளவுதான். இரண்டாம் நாள் தாமிரபரணியில் தண்ணீர் ஏறி, உட்கார்ந்து பேசிய படிக்கட்டே முங்கிவிட்டது. பணத்துக்கு என் சொந்தப் பாலிசியைப் பாதியிலேயே முடித்துப் பணம் வாங்கி, அதாவது சரண்டர் செய்தேன். "சரண்டர் மட்டும் பண்ணாதீங்க, நஷ்டம்" என்று ஊரெல்லாம் சொன்ன வாய் இது. வீட்டில் தெரிந்தபிறகு மூன்று நாள் வெறும் ரசம்தான்.

'கேரியும் நீயும் ஒன்றா' என்று வந்துவிடாதீர்கள். ஒப்பிடவில்லை, அவர் குப்ரிக்கிடம் நடித்தவர்.

என் படத்தை இதுவரை 412 பேர் பார்த்திருக்கிறார்கள். பாதிப் பேர் என் பாலிசிதாரர்கள். மேலப்பாளையத்திலிருந்து ஒருவர் மட்டும் போன் செய்து, "வே, அது உம்ம குரல்தானே?" என்று கேட்டார். அவர் பிரீமியம் இரண்டு தவணை பாக்கி. அன்றைக்கு நான் அதைக் கேட்கவில்லை.