வயிற்று எரிச்சல்: டாக்டர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு இரைப்பையைப் பார்ப்பது) அறையில் பல வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். இரைப்பை அழற்சி, அதாவது இரைப்பையின் உள்தோல் வீங்கிப் புண்படுவது பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி: அக்கா, விடியுமுன்னே வெறும் வயிற்றோடு ரப்பர் பால்வெட்டப் போவேன். மேல்வயிறு எரிகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். அப்போ அழற்சி இல்லைதானே?

அப்படி முடிவு கட்டாதீங்க தம்பி. அந்த ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரியும், இரைப்பையின் உள்தோல் தெரியாது. டாக்டர் முதலில் கேட்பது உங்கள் கதையைத்தான்: மூட்டுவலி மாத்திரை போடுகிறீர்களா, குடிப்பீர்களா, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா, எடை குறைந்ததா என்று. தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி. அதிலும் கண்ணால் பார்த்தது மட்டும் போதாது, ஏனென்றால் சிவந்து தெரிகிற இடத்தில் அழற்சி இல்லாமலும், பார்க்க நன்றாக இருக்கிற இடத்தில் இருந்தும் போகலாம், அதனால்தான் சதைத் துணுக்கு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள்.

மார்த்தாண்டம்: துணுக்கு எடுப்பது என்றாலே அம்மா புற்றுநோய் என்று பயப்படுகிறார். வலிக்குமா?

வலிக்காது மக்கா. குழாய் தொண்டையைத் தாண்டும்போது ஓங்கரிப்பு வரும், அவ்வளவுதான். துணுக்கு நொய்யரிசி அளவுதான் இருக்கும். அதில் ஒன்றை யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லில் வைப்போம். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருந்தால் யூரியாவை அம்மோனியாவாக உடைத்துவிடும், மஞ்சள் மெல்ல இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறம் வந்தால் எனக்கு நிம்மதிதான், காரணம் கிடைத்துவிட்டதே, மருந்து கொடுத்து ஒழிக்கலாம். அம்மாவிடம் இதைச் சொல்லுங்க.

குளச்சல்: தினமும் வயிற்று அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் மாத்திரை போடுகிறேன். பரிசோதனைக்கு முன் நிறுத்தணுமா?

கிருமிப் பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஆன்டிபயாட்டிக் என்றால் 4 வாரம். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். ஆனால் டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீங்க. குழாய் வேண்டாம் என்றால் மூச்சுப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் உண்டு. ரத்தப் பரிசோதனையை நம்பி இருக்காதீங்க, எப்போதோ வந்து போன தொற்றையும் அது காட்டும்.

தக்கலை: அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. இன்று காலையிலிருந்து நெஞ்சுக்குழியில் எரிச்சல், வியர்க்கிறது. கேஸ் என்று சோடா குடித்துப் படுத்திருக்கிறார். எண்டோஸ்கோபி எங்கே பார்க்கலாம்?

எண்டோஸ்கோபி அப்புறம். மாரடைப்பும் இப்படித்தான் வரும், சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் வரும். முதலில் இசிஜி. 108-ஐக் கூப்பிடுங்க, பைக்கில் ஏற்றாதீங்க. இதைப் படித்ததும் கிளம்புங்க.