எஸ்தோனியக் கவிதையில் 'அர்புயாத்' குழு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

சுருக்கமாகச் சொன்னால், எழுத்தும் வாழ்க்கையும் இரண்டும் காரணம். 1930களில் தார்த்து நகரை மையமாகக் கொண்டு எழுதிய இளங்கவிஞர்கள் இவர்கள். விமர்சகர் ஆன்ட்ஸ் ஓராஸ் 1938இல் எட்டுப் பேரின் கவிதைகளைத் தொகுத்தார்; அந்த நூலின் பெயரே குழுவுக்கும் ஒட்டிக்கொண்டது. எல்லாரும் ஒரே ரகம் என்று நினைத்துவிட வேண்டாம். உக்கு மாசிங் இறையியலாளர், சமயக் கவிதை அவர் பலம். ஹெய்ட்டி தால்விக் என்பவரோ யாப்பில் படு கறார். ஐரோப்பாவைச் சூழ்ந்த இருளை இறுக்கமான வரிகளில் எழுதினார்.

அப்புறம் போர், சோவியத் ஆட்சி. குழுவின் இன்னொரு கவிஞர் பெர்னார்ட் காங்ரோ சுவீடனுக்குத் தப்பினார். 1945இல் கைதான தால்விக் 1947இல் சைபீரியாவில் இறந்தார். அவர் மனைவி பெட்டி ஆல்வெர் என்பவர்தான், என் கணிப்பில், குழுவின் ஆகப்பெரிய கவிஞர். 1950இல் எழுத்தாளர் சங்கம் அவரை நீக்கியது. வாயடைத்த காலத்தில் மொழிபெயர்ப்பே கைகொடுத்தது. ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் கவிதை நாவல் 'யெவ்கேனி ஒனேகின்' அவர் கையால்தான் எஸ்தோனிய மொழிக்கு வந்தது. 1966இல் சொந்தக் கவிதைகளோடு 'விண்மீன் வேளை' தொகுப்பு வெளிவந்தது.